பயற்றம் மாவின்மேல் போட்ட பழி

என் இடது கண்ணில், கருவிழியின் ஓரத்தில், அரிசிக் குறுநல் அளவில் ஒரு வெள்ளை இருக்கிறது. அதே பக்கத்துக் கன்னத்தில் வெற்றிலை அகலத்துக்குத் தோல் வெளிறிப் போயிருக்கிறது. புதிதாகக் காண்கிறவர்கள், “அம்மாள் போட்டதோ பிள்ளை?” என்று, அம்மைத் தழும்பாக்கும் என நினைத்துக் கேட்பார்கள். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். அம்மாளாச்சி பாவம். பழியை இன்னொருவர் தலையில் போட்டுவிட்டு நடப்பது எனக்குப் பழக்கமான வேலை.

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை எலுமிச்சைச் சாறான தேசிப்புளியையும் அப்பச்சோடாவையும் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு வெயிலில் நின்றாள். தேசிப்புளி பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்பளித்துக் கறுத்துவிடும் என்று அவளுக்கு யார் சொல்வது? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் கழுவிவிட்டேன். “உங்களுக்கென்ன விசரோ அக்கா?” என்று கத்தினாள். ஓமடி, விசர்தான் என்று சொல்லி, ஐந்து வருசத்துக்கு முந்திய என் கதையை அவளுக்குச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்குச் சொல்ல வெட்கப்பட்டு விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

புங்குடுதீவில் எங்கள் வீடும் மாமா வீடும் பக்கத்துப் பக்கத்து வளவுகள். மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. நடுவில் கிடுகு வேலி. வேலியில் ஆள் குனிந்து போய்வர ஒரு பொட்டு. எங்கள் பக்கம் நானும் அம்மாவும், என்னைப் பெற்ற ஐயா செத்துப் பல வருசம். அந்தப் பக்கம் மாமாவும் அவருடைய ஒரே மகள் ரஞ்சினியும். தாயில்லாப் பிள்ளை. என்னைவிட இரண்டு வயது இளையவள். கறி வைத்தால் ஒரு கோப்பை பொட்டுக்குள்ளால் போகும், ஒரு கோப்பை வரும். ஐயா இல்லாத குறை தெரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டவர் மாமாதான்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ரஞ்சினியைக் கண்டால் வயிறு எரியும். அவளில் ஒரு பிழையும் கிடையாது. பிழை இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திராது. எனக்கு முகமெல்லாம் பரு, பரு போன இடமெல்லாம் கறுப்புத் தழும்பு. அவளுக்கோ புளி போட்டு மினுக்கிய செம்பு மாதிரி ஒரு முகம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர், அதனால்தான் எனக்குத் தோல் சரியில்லை என்று அம்மா சொல்வாள். அதே உவர்த் தண்ணீரில்தானே அவளும் முகம் கழுவுகிறாள்? ஒரே கிணறு, ஒரே சவர்க்காரம். கோயிலில் பெண்டுகள் அவளின் நாடியைப் பிடித்து, “என்ன வடிவு!” என்பார்கள். பிறகு என்னைப் பார்த்து, “நீ சுகமாய் இருக்கிறியோ பிள்ளை?” என்பார்கள். சுகம் விசாரிப்பது மட்டுந்தான் எனக்கு.

எண்பத்து நாலாம் ஆண்டு. முந்தின வருசக் கலவரத்துக்குப் பிறகு பெடியன்கள் எல்லாரும் வெளிநாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் தரகர் வந்தார். வேலணைப் பெடியன், ஜேர்மனியில் இருக்கிறான், தாய் பெண் பார்க்கிறா என்றார். எங்கள் இரண்டு பேருடைய சாதகத்தையும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மறுகிழமை சிரித்துக்கொண்டு வந்தார்.

“ரெண்டு பிள்ளையளின்ரையும் பொருந்துது. இனிப் படந்தான். ரெண்டு படத்தையும் தாங்கோ, அனுப்பிவிடுவம். தம்பி பாத்துச் சொல்லட்டும்.”

அம்மாவுக்கும் மாமாவுக்கும் சந்தோசம். எந்த வீட்டுக்கு வந்தாலும் ஒன்றுதானே என்றார்கள். நான் நினைத்தது வேறு. இரண்டு படமும் ஒரே உறைக்குள், ஒன்றுக்கு மேல் ஒன்று வைத்துப் போகப்போகிறது. வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் ஸ்ரூடியோவுக்குப் போவதென்று முடிவாயிற்று. ஒரு கிழமை இருந்தது.

அன்று பின்னேரமே பொட்டுக்குள்ளால் போய் அவளைப் பிடித்தேன்.

“உண்மையைச் சொல்லு ரஞ்சி. முகத்துக்கு என்ன போடுறனீ?”

“பயற்றம் மாதான் மச்சாள். கிழமையிலை ரெண்டு நாள். ஒரு துளி கஸ்தூரி மஞ்சள். வேறை ஒண்டும் இல்லை. உங்களுக்கும் திரிச்சுத் தரட்டே?”

மறுநாளே ஒரு பால்மாத் தகரப் பேணி நிறையத் தந்தாள், தனக்கும் ஒரு பேணியில் வைத்துக்கொண்டாள். மூன்று நாள் பூசினேன். ஒரு பரு வற்றவில்லை. ‘என்னைப் பேய்க்காட்டுறாள்’ என்று நினைத்தேன். மாவைக் கையில் தந்துவிட்டு மருந்தை ஒளித்துவைத்திருக்கிறாள். நானாக இருந்தால் அப்படித்தானே செய்திருப்பேன்?

செவ்வாய்க்கிழமை காலமை வேலிப் பொட்டடியில் குந்திக்கொண்டு பல்லு மினுக்கினேன். மாமா வீட்டுக் குசினிப் பின்பக்கம் ரஞ்சினி வந்தாள். ஒரு சிரட்டைக்குள் வெற்றிலைச் சுண்ணாம்பை வழித்துப் போட்டாள். உடுப்பு அவிக்கிற சோடாவில் கொஞ்சம் போட்டாள். தண்ணீர் தெளித்து ஈர்க்கால் கிண்டினாள். வெள்ளைக் களியாக வந்தது. அங்குமிங்கும் பார்த்துவிட்டு, மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்து மூடிக்கொண்டு உள்ளே போனாள். அகப்பட்டாளே கள்ளி!

சுண்ணாம்பு என்று தெரிந்தும் ஏன் பயப்படவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். ஏன் பயப்பட வேண்டும்? அம்மா நாளைக்கு ஆறு தரம் அதை வெற்றிலையில் தடவி வாயில் போடுகிறாள். பனையில் கருப்பநீர் இறக்குகிற முட்டிக்குள்ளும் அதைத்தான் பூசுகிறார்கள், அதைக் குடித்து வளர்ந்த ஊர் நாங்கள். வயிற்றுக்குள் போகிற சாமான் முகத்தை என்ன செய்யும் என்பதுதான் என் கணக்கு. வெற்றிலையில் தடவுவது நகக்கண் அளவு. நான் எடுத்தது ஒரு அகப்பை.

புதன்கிழமை அம்மா கோயிலுக்குப் போன நேரம் கலந்தேன். அவள் போட்டதைவிட இரண்டு மடங்கு சுண்ணாம்பு, இரண்டு மடங்கு சோடா. இரண்டே நாளில் அவளை முந்த வேண்டும் அல்லவா? அதற்கு மேல் மஞ்சளும் போட்டேன். உடனே இரத்தச் சிவப்பாக மாறியது. ஆலாத்தித் தட்டத்தில் கரைக்கிற அதே நிறம். கலியாணச் சகுனம் என்று நினைத்து எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

நெற்றி, கன்னம், நாடி எல்லாம் தடிப்பாகப் பூசிக்கொண்டு பாயில் படுத்தேன். முதலில் வழுவழுவென்று சவர்க்காரம் போல இருந்தது. பிறகு சுள்ளென்று பிடித்தது. பிடிக்கட்டும், வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்தேன். அவள் பொறுக்கிறாள், நான் பொறுக்கமாட்டேனா? வானொலியில் இரண்டு பாட்டு முடியுமட்டும் கிடந்தேன். மூன்றாவது பாட்டில் ஏலாமல் போயிற்று. எழும்பி ஓடி ஒரு செம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தேன். களி முழுக்கக் கரைந்து இடது கண்ணுக்குள் இறங்கியது.

நான் போட்ட சத்தம் கோயிலடி வரைக்கும் கேட்டதாம். வேலிப் பொட்டை உடைத்துக்கொண்டு ரஞ்சினிதான் முதலில் ஓடிவந்தாள். என்னை இழுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லில் தலையைச் சரித்தாள். இரண்டு விரலால் இமையைப் பிளந்து பிடித்துக்கொண்டு வாளி வாளியாக ஊற்றினாள். நான் அவளின் கையைக் கடித்தேன். “விடடி, எண்ணெய் பூசடி” என்று குழறினேன். அம்மாவும் ஓடிவந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு நின்றாள்.

“எண்ணெய் வேண்டாம் மாமி! தண்ணி, தண்ணி! அள்ளித் தாங்கோ!”

உவர்த் தண்ணீர் கண்ணைக் கரிக்கும் என்று, குடிக்கத் தூர இருந்து சுமந்து வைத்த குடத்து நல்ல தண்ணீரையும் கொண்டுவந்து கவிழ்த்தாள். இரண்டு வீட்டுக் குடமும் வெறுமையாகும் வரை நிறுத்தவில்லை.

மாமா நொண்டி நொண்டி ஓடிப்போய் ஒரு வாடகைக் கார் பிடித்து வந்தார். பண்ணைப் பாலத்தடியில் ஆமி மறித்தான். முகத்தில் போட்டிருந்த ஈரத்துணியைத் தூக்கச் சொன்னான். பார்த்தவுடன் தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, போ போ என்று கையைக் காட்டினான். துவக்கு வைத்திருப்பவனே பார்க்கமாட்டாத முகம் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பெரியாஸ்பத்திரியில் கண் டொக்டர் ஒரு சின்னக் கடதாசித் துண்டை என் கண்ணோரம் வைத்து எடுத்தார். அது கருநீலமாக மாறிவிட்டது என்று பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸியிடம் சொன்னார். காரம் எவ்வளவு என்று அந்தக் கடதாசி காட்டுமாம். இமையை ஒரு குச்சியால் புரட்டி, பஞ்சால் எதையோ ஒற்றி எடுத்தார். பிறகு சேலைன் குழாயைக் கண்ணுக்கு மேல் பிடித்து ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் ஓடவிட்டார்கள். கடதாசி பழைய நிறத்துக்கு வரும்வரை நிறுத்தக்கூடாதாம்.

“இமைக்குள்ளை சுண்ணாம்புத் துணிக்கை கிடக்கு. என்ன பூசினனீர்?” என்று டொக்டர் கேட்டார்.

இரண்டு கண்ணும் மூடியிருந்தன. அம்மாவும் மாமாவும் கால்மாட்டில். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது ரஞ்சினி. ஈரத்துணி பிழிந்த அவள் கை இன்னும் ஈரமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் வேலிப் பொட்டால் களவாகப் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். அந்த வெட்கம் ஒன்று. மற்றது இன்னும் மோசம். என் முகம் போய்விட்டது, இவளுக்கு மட்டும் எல்லாம் இருக்கப்போகிறதே என்ற நினைப்பு. அது அந்த வலிக்குள்ளும் வந்தது.

“இவள் தந்த மாவைத்தான் பூசினனான். அதுக்குள்ளை என்ன கிடந்ததெண்டு எனக்குத் தெரியாது” என்றேன்.

என் கையைப் பிடித்திருந்த கை விட்டுப்போனது.

“பயற்றம் மாதான் டொக்டர் குடுத்தனான்...” என்று தொடங்கினாள்.

“பயற்றம் மா உப்பிடிச் செய்யாது, பிள்ளை. இது சுண்ணாம்பும் சோடாவும் மாதிரிச் சாமான்.”

சுண்ணாம்பும் சோடாவும் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் பேச்சு நின்றுவிட்டது. மறுக்கவே இல்லை. அம்மா, “எடியே, என்னத்தைப் போட்டுக் குடுத்தனீ!” என்று கத்தினாள்.

டொக்டர் பிறகு எனக்கு விளக்கமாகச் சொன்னார். அசிட் பட்டால் மேல்தோல் வெந்து ஒரு மூடி மாதிரி நிற்கும், கீழே இறங்குவது குறைவு. காரம் அப்படியில்லை. தோலிலுள்ள கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டு உள்ளே உள்ளே போகும். எனக்கு வழுவழுத்தது களியல்ல, என் தோல். கண்ணில் கருவிழிக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்கிறது. அது வெந்துவிட்டால் பொரித்த முட்டையின் வெள்ளை போலாகி வெளிச்சத்தை மறைக்கும். என்னுடையது ஒரு பக்கம் வெந்திருந்தது.

“வரமுந்தித் தண்ணி ஊத்தினது ஆர்?” என்று கேட்டார்.

“அவள்தான்” என்றாள் அம்மா, மனமில்லாமல்.

“அந்தத் தண்ணிதான் கண்ணை வைச்சிருக்கு. எண்ணெய் பூசிக்கொண்டு வந்திருந்தால் என்னட்டை வந்து பிரியோசனமில்லை.”

வலியோடு வலியாக அதையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். புகழ் இங்கேயும் அவளுக்குத்தான்!

இடது கண் அசையாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். முகத்துக்கு எண்ணெய் பிடித்த வலைத்துணி, அதை மாற்றும்போதுதான் உயிர் போகும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கண்ணைத் திறந்து மருந்து விடுவார்கள். இமையும் கண்ணும் ஒட்டிக்கொள்ளாமல் ஒரு கண்ணாடிக் குச்சியை இடையில் ஓட்டி எடுப்பார்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தோல் போன இடம் பச்சையாக மினுங்குமாம். ‘குறையுது’ என்ற சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். சில நாள் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார் டொக்டர்.

பக்கத்துக் கட்டிலில் நெடுந்தீவு மரியம்மாக்கா. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்க் கொம்பு குத்தி ஒரு கண் கட்டியிருந்தா. மற்றக் கண்ணால் வாட்டு முழுவதையும் பார்த்து எனக்குச் சொல்வதுதான் அவவுக்கு வேலை.

அம்மா யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பின்னேரங்களில் வருவாள். மத்தியானத்தில் ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் செருப்புச் சத்தம் கேட்டது. யாழ்ப்பாணத்துக்கு ரைப்ரைற்றிங் பழக வருகிறவள் ரஞ்சினி. வகுப்பை விட்டு நேரே வந்திருக்கிறாள்.

“மச்சாள், வாயைத் திறவுங்கோ. பால்கஞ்சி. சவைக்கத் தேவையில்லை.”

வாயைத் திறந்தேன். பசி. அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். கிழிந்து நைந்த சேலைத்துணியைத் துண்டு துண்டாக வெட்டி, அவித்துக் காயவைத்துக் கொண்டுவருவாள், கன்னத்தில் வடிகிறதை ஒற்ற. நேரம் முடிந்து அவள் போனதும் மரியம்மாக்கா தொடங்குவா.

“என்ன வடிவான பிள்ளை! மிஸ்ஸிமார் கூட நிண்டு பாத்திட்டுப் போகினம். உன்ரை தங்கச்சியோ?”

“மச்சாள்” என்பேன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு. கண்ணைக் கட்டி இருட்டுக்குள் போட்ட பிறகும் அவளின் வடிவு என்னை விடவில்லை. ஒரு நாள் மட்டும் மரியம்மாக்கா வேறு மாதிரிச் சொன்னா.

“அந்தப் பிள்ளையின்ரை கண்ணும் நல்லாச் சிவந்துகிடக்கு. வழியெல்லாம் அழுதுகொண்டு வாறாளோ தெரியாது.”

அம்மா கொண்டுவரும் செய்தி வேறு. அம்மாவும் மாமாவும் கதைப்பதில்லை. வேலிப் பொட்டைக் கருக்குமட்டை வைத்து அம்மா அடைத்துவிட்டாள். ‘ரஞ்சினி மச்சாளுக்கு முகத்தை எரிச்சுப்போட்டாள்’ என்று ஊர் முழுக்கக் கதை. ஒரு பின்னேரம் அம்மா என் காதுக்குள் குனிந்தாள்.

“தரகர் வந்தவர். உப்பிடிப்பட்ட பிள்ளை எங்களுக்கு வேண்டாமெண்டு பெடியன்ரை தாய் சொல்லிப்போட்டாவாம். உன்ரை படத்தைத்தான் கேட்டவ. போன வருசம் கலியாணவீட்டிலை எடுத்த படம் குடுத்தனான். அதிலை உனக்குப் பரு தெரியாது. கண் மாறியிடும், நீ யோசியாதை.”

எனக்குள் குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன், சந்தோசமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறை அவள் வேண்டாம், நான் வேண்டும் என்று ஒரு சொல் வந்திருக்கிறது. மறுநாள் மத்தியானம் அவள் ஊட்டிய கஞ்சி வழக்கத்தைவிட ருசித்தது.

பதினோராம் நாள் வலது கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். மரியம்மாக்காவிடம் கண்ணாடி கேட்டேன். தரமாட்டேன் என்றா. கெஞ்சி வாங்கினேன். அவித்து அரைகுறையாய்த் தோலுரித்த கிழங்கு ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். அழ ஏலாது, கண்ணீர் பட்டால் கன்னம் எரியும்.

அன்று மத்தியானம் ரஞ்சினி வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். பதினொரு நாளுக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன். முன்னிலும் மினுங்கினாள் பாவி! ஒரு பொட்டுத் தழும்பில்லை. ஆனால் வெள்ளை விழி முழுக்க இரத்தச் சிவப்பு, இமை இரண்டும் வீங்கியிருந்தன.

“என்னடி கண்ணுக்கு?”

அவள் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மச்சாள், உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு உங்களுக்கு மா திரிச்ச நேரந்தான் ஐயாவின்ரை காலாணிக்கும் மருந்து கலந்தனான். சுண்ணாம்பும் சோடாவும். குதிக்காலிலை தோல் கல்லு மாதிரி இறுகிப்போய் நடக்கேலாமல் இருக்கிறார் எல்லே, அதைத் தின்னிறதுக்கு. ஒருக்கால் என்ரை கையிலை பட்டு எரிஞ்சு, தண்ணியிலை பிடிச்சாப்போலைதான் நிண்டது. அந்தக் கரண்டியாலை உங்கடை மாவை அள்ளிப் போட்டனோ எண்டு... டொக்டர் சொன்னதிலையிருந்து எனக்கு அதே யோசினை.”

காலாணி. குதிக்காலில் இறுகின தோலைத் தின்ன வைக்கிற மருந்து. அன்று சிரட்டையை மூடமுந்தி அவள் அங்குமிங்கும் பார்த்தது கோழி வந்து கொத்திவிடுமோ என்றாக்கும்.

“உங்களுக்குத் தந்த பேணி உங்கடை வீட்டிலை. மாமி உள்ளுக்கை விடமாட்டா. என்னட்டையும் அதே திரியலிலை ஒரு பேணி இருந்தது. ஒவ்வொரு நாளும் படுக்கமுந்தி முகம் முழுக்கப் பூசிப் பாக்கிறன் மச்சாள். எரியுதில்லை. நாலு நாளாய்க் கண்ணுக்கையும் விட்டுப் பாக்கிறன். உறுத்துது, ஆனால் உங்களை மாதிரி ஒண்டும் வரேல்லை. ஏன் உங்களுக்கு மட்டும்? பேணியின்ரை அடியிலைதான் கிடக்கோ தெரியாது. இண்டைக்கு அடிமாவை விட்டுப் பாக்கப் போறன்.”

என் பொய்க்கு எதிர்ச்சாட்சி அவளின் முகம். பதினொரு நாள் பூசிய மாவில் அது மினுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தது. அதைப் பார்த்தும் அவளுக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை. தன்மேல்தான் சந்தேகம்.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“இனிக் கண்ணுக்கை விடாதை. உன்ரை மாவிலை ஒண்டும் இல்லை.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

சொன்னேன். பொட்டு, சிரட்டை, இரண்டு மடங்கு, மஞ்சள், ஆலாத்தி நிறம் எல்லாம் சொன்னேன். டொக்டரிடம் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். “உன்ரை முகத்திலை எனக்குப் பொறாமையடி” என்ற வசனத்தை அன்றுதான் முதல்முறை வாய்விட்டுச் சொன்னேன்.

“அப்ப நான் செய்யேல்லையோ?” என்றாள். “நான் செய்யேல்லை? மெய்யாய் நான் செய்யேல்லை?” என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். மரியம்மாக்கா எழும்பி உட்கார்ந்துவிட்டா. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. கண்ணைத் துடைத்தாள். கரண்டியைக் கழுவினாள். கஞ்சிப் பாத்திரத்தை மூடினாள்.

“ஐயா பதினொரு நாளாய்ச் சோறு தின்னேல்லை” என்றாள். “அவருக்கு இதை ஆர் சொல்லுறது?”

“நான் சொல்லுறன்.”

“எப்ப?”

“வீட்டை வந்தவுடனை.”

தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த நாள் மத்தியானம் செருப்புச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தேன். அவள் வரவில்லை. பிறகு ஒரு நாளும் வரவில்லை. மரியம்மாக்காவுக்கு அவவின் மகள் வந்து ஊட்டும்போது எனக்கு அதைப் பார்த்தும் பொறாமையாக இருந்தது.

பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயைக் கையால் பொத்தினாள்.

“கதையாதை. படம் ஜேர்மனிக்குப் போயிட்டுது. அவளுக்கென்ன, அந்த முகத்துக்கு நூறு பேர் வருவினம். உனக்கு ஆர் வரப்போகினம்?”

அம்மா சொன்னது முழுக்கச் சரி. மிச்சம் இருந்த பத்து நாளும் அதுதான் என் வருத்தம், கண்ணல்ல. சும்மா இருந்தால் மாப்பிள்ளை எனக்கு. வாயைத் திறந்தால் அவன் அவளுக்கே போவான். நான் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்ததாகக்கூட இருக்காது, அவளுடையது அவளிடம் திரும்பிப் போனதாகத்தான் இருக்கும். அந்த நினைப்பு எனக்கு முகத்துக் கட்டு மாற்றுவதைவிட வலித்தது.

இருபத்தோராம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். இடது கண்ணால் விரலை எண்ண முடிந்தது, ஒரு பக்கம் பனிப்புகார் மாதிரி மங்கல். “இவ்வளவு வந்தது அந்தத் தண்ணியாலை. மறந்திடாதையும்” என்று டொக்டர் மறுபடியும் சொன்னார்.

வீட்டு முற்றத்தில் கால் வைத்ததும் நேரே வேலிக்குப் போனேன். பொட்டு நிறையக் கருக்குமட்டை, அரம் போல முள்ளு. அம்மா பின்னால் நின்று, “உள்ளுக்கை வா பிள்ளை” என்றாள். நான் படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கிச் சுற்றிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். பிறந்ததிலிருந்து அந்த வீட்டுக்கு நான் முன்வாசலால் போனது கிடையாது.

மாமா கதிரையில் இருந்தார். வலது குதிக்காலில் துணி சுற்றியிருந்தது. என் முகத்தைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். இருங்கோ மாமா என்று சொல்லி நிலத்தில் குந்தினேன். சொல்லி முடியுமட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குசினி வாசலில் ரஞ்சினி நிற்பது மட்டும் தெரிந்தது.

மாமா தன் காலைப் பார்த்தார்.

“இந்தக் காலுக்கு வைச்சதையோ பிள்ளை முகத்திலை வைச்சனீ?” என்றார். அவ்வளவுதான். என்னை ஏசவில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு நொண்டிக்கொண்டு எழும்பிப் போய், கையில் கிழிபடக் கிழிபட, பொட்டிலிருந்த கருக்குமட்டையை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார்.

தரகரிடமும் நானே சொன்னேன். ஒரு மாதத்துக்குப் பிறகு, ரஞ்சினியின் படத்தை அனுப்பச் சொல்லிப் பெடியனின் தாய் கேட்டாவாம். அந்த ஒரு மாதமும் ரஞ்சினி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கறிக் கோப்பை வரும், அவள் வரமாட்டாள்.

ஸ்ரூடியோவுக்குப் போகிற நாள் காலமை நான் கிணற்றடியில் இருந்தேன். பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தாள். கையில் பால்மாப் பேணி. உடுப்புத் தோய்க்கிற அந்தக் கல்லில் வந்து இருந்தாள். பேணியை என் மடியில் வைத்தாள்.

“பூசி விடுங்கோ” என்றாள்.

“நானோ?”

“நீங்கள்தான்.”

கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்தினாள். கிட்டப் பார்த்தாலும் ஒரு பிழையில்லாத முகம். அப்போதும் எனக்குப் பொறாமைதான், அதை மறைக்க என்ன இருக்கிறது. மாவைத் தண்ணீரில் குழைத்தேன். விரலில் கொஞ்சம் எடுத்து என் நல்ல கன்னத்தில் முதலில் தடவினேன். நூறு வரைக்கும் எண்ணிக்கொண்டு இருந்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை, ஏன் சுணக்கம் என்று கேட்கவுமில்லை. எரியவில்லை. பிறகுதான் அவளுக்குப் பூசினேன்.